முத்தலிப் நானாவின் மெசின்

மின்னஞ்சல் வந்தபோது சிவாஜினி முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஈரவிரலால் ஃபோனைத் தட்டிப் படித்தாள். சங்கத்திடம் மா அரைக்கும் இயந்திரம் ஏற்கனவே இருப்பது கள ஆய்வில் உறுதியானதால், இயந்திரம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேன்முறையீடு செய்வதானால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன், தலைவியின் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். அன்று புதன்கிழமை.

இன்னொரு தடவை படித்தாள். சங்கத்திடம் இருந்த இயந்திரங்கள் ஒரு தராசும், பக்கற்றின் வாயை ஒட்டும் சின்னக் கருவியும்தான்.

உப்புவெளியில் ஒன்பது பெண்கள் சேர்ந்து அரிசிமாவும் குரக்கன்மாவும் செய்து விற்கும் சங்கம் அது. பதினொரு வருடமாகச் சிவாஜினிதான் செயலாளர். சம்பளமில்லாத அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிட்டதில்லை. ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நிதி கொடுப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஆசை வரும். ஒரு வருடம் பெண் தலைமைத்துவம், அடுத்த வருடம் காலநிலை மாற்றம், அதற்கடுத்த வருடம் டிஜிற்றல். மா என்னவோ ஒரே மாதான். அதை ஒவ்வொரு வருடமும் புதிய சொல்லில் சுற்றி அனுப்புவது அவள் வேலை. பதிலாக இதுவரை வந்தவை பயிற்சிப் பட்டறைகள், பைகள், மதியச் சோற்றுப் பார்சல்கள்.

இந்தமுறை விளையாட்டில்லை. சந்தி மில்லில் மிளகாயும் அரிசியும் ஒரே மெசினில் அரைபடுவதால் மாவில் கார நெடி அடிக்கிறதென்று கொழும்புக் கடை ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. தை மாதத்துக்குள் சொந்த மெசின் இல்லையென்றால் ஓர்டர் இல்லை. ஓர்டர் இல்லையென்றால் சங்கமும் இல்லை.

பள்ளி விட்டதும் நேரே தலைவி வீட்டுக்குப் போனாள். நல்லம்மா முற்றத்தில் அரிசி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“போன கிழமை கள ஆய்வுக்கு வந்த தம்பிக்கு என்னத்தைக் காட்டினனீங்கள், அக்கா?”

“மெசினைத்தான்.”

“எந்த மெசினை?”

“கிண்ணியாவில கடை வைச்சிருக்கிற முத்தலிப் நானாவின்ர மெசினை. காலமை த்ரீவீலில ஏத்திக்கொண்டு வந்து இரவலாத் தந்தவர். நான் அரைச்சும் காட்டினனான். தம்பி படமெல்லாம் எடுத்தது.”

அன்று சிவாஜினி அங்கே இல்லை. ஏற்கனவே இரண்டு தடவை அனுப்பிய பதிவுச் சான்றிதழை உறுதிப்படுத்திய பிரதியாக மூன்றாம் தடவையும் நிதி கொடுப்பவர்கள் கேட்டதால், பிரதேச செயலகத்து வாங்கில் குந்திக் காத்திருந்தாள். திரும்பி வந்தபோது வெறும் றோல்ஸ் தட்டும், அடுக்கி வைத்த இரவல் கதிரைகளும்தான் மிச்சம். எல்லாம் வடிவாய்ப் போச்சுது என்றார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

“ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“மெசின் பிடிக்கத் தெரியாத பொம்பிளையளுக்கு ஆர் மெசின் குடுப்பினம்? வெறும் வீட்டைக் காட்டினா, இதுகள் என்னத்தைக் கிழிக்கப்போகுதுகள் எண்டு நினைக்காதோ?”

“இல்லை எண்டுதானே கேட்டு எழுதினனாங்கள். இல்லாததைப் பார்க்கத்தானே அந்தாள் வந்தது.”

“இல்லாததை எப்பிடிப் பிள்ளை காட்டுறது?”

சிவாஜினி நெற்றியைப் பிடித்துக்கொண்டு அரிசிக்குப் பக்கத்தில் குந்தினாள். உள்ளதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவோம், நீங்கள் ஒப்பம் வையுங்கள் என்று கேட்டாள். நல்லம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

“இரவல் வாங்கிப் பகட்டுக் காட்டினனாங்கள் எண்டு நான் ஒப்பம் வைக்கிறதோ? அது ஏலாது. மெசின் வராட்டிப் போகட்டும்.”

சிவாஜினி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, வியாழக்கிழமை கிண்ணியாவுக்கு பஸ் ஏறினாள். மெசின் தன்னுடையது என்று முத்தலிப்பிடம் ஒரு கடிதம் வாங்கினால், அதை வைத்தாவது நல்லம்மாவை அசைக்கலாமென்று நினைத்தாள். முத்தலிப் மின்னஞ்சலை அவள் வாயால் கேட்டதும் கடையின் கல்லாவை விட்டே எழும்பிவிட்டார்.

“என்ர மெசின உங்கட சங்கத்துச் சொத்தெண்டு பதிஞ்சிட்டாங்களா?”

“அப்பிடித்தான் நானா எழுதியிருக்கு.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய மோட்டார்சைக்கிள் நல்லம்மாவின் வாசலில் நின்றது. ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை.

“தங்கச்சி, நாளைக்கு அவங்க வந்து, சங்கத்து மெசின் கிண்ணியாக் கடையில என்ன செய்யுதெண்டு கேட்டா நான் என்ன சொல்ற? களவெடுத்த எண்டா?”

“சே, என்ன கதை நானா இது?”

“அப்ப ஒப்பத்த வைங்க. உங்களுக்கு வெட்கம், எனக்குப் பொலிஸ். எது பெரிசு?”

நல்லம்மா சிவாஜினியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள். சிவாஜினி எழுதிவைத்திருந்த கடிதத்தை வாசிக்க மறுத்து, வாசிக்காமலே ஒப்பம் வைத்தாள். பகல் முழுக்கச் சிக்னல் தேடி அலைந்து, மூன்று மணி நாற்பதுக்கு, அது ஒரு கோடு காட்டிய இடத்தில் மதிலோடு ஒட்டி நின்று சிவாஜினி அதை அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திட்ட அலுவலர் கிருஷாந்த் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிவாஜினி காலை ஆறு மணிக்கே நல்லம்மா வீட்டுக்கு வந்து காவல் நின்றாள். விரிப்பு இல்லை, இரவல் கதிரை இல்லை, றோல்ஸும் இல்லை. வந்தவருக்கு ஒரு ரீ கூடக் கொடுக்காமல் நிற்பது நல்லம்மாவுக்கு முள்ளில் நிற்பதுபோல இருந்தது. கிருஷாந்த் சங்கம் வேலை செய்யும் வெறும் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு டப்லெற் கணினியைத் திறந்தார்.

“ஒரு கேள்வி இருக்கு. மெசின் தந்தால், அதை இயக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?”

நல்லம்மா முதலில் சிவாஜினியின் பக்கம் திரும்பி, ஆற அமரப் பார்த்தாள்.

“போனமுறை நீங்கள் எடுத்த படத்தில அரைச்சுக்கொண்டு நிக்கிறது நான்தானே, தம்பி.”

அவர் படத்தைத் தேடி எடுத்தார், தலையை ஆட்டினார், சரி போட்டார். சிவாஜினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் சரி. மெசின் மார்கழிக்குள்ள வந்திடும். சங்கத்திட்ட மெசின் இல்லை எண்டு கிராம சேவகரிட்ட ஒரு உறுதிக் கடிதம் மட்டும் எடுத்துத் தாங்கோ.”

“இப்ப நீங்களே கண்ணால பார்த்தனீங்கள்தானே, சேர்?”

“ஓம் மிஸ். ஆனா போனமுறையும் நான் கண்ணாலதான் பார்த்தனான்.”

கிராம சேவகர் செவ்வாய்க்கிழமைகளில் பன்னிரண்டு மணிவரைதான் அலுவலகத்தில் இருப்பார். மணி பதினொன்றரை. சிவாஜினி குடையையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.