மாலினியின் கெண்டைக்கால்

கோவளத்தில் கடலையொட்டிய டென்னிஸ் கோர்ட்டில் இன்று யாரோ வலித்தைலம் தடவினார்கள். அந்த வாடை வந்ததும் நினைவில் என் சின்ன வயசுச் செங்கல்பட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா பஸ் டிரைவர். டூட்டி முடிந்து வந்ததும் கிணற்றுச் சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, குனிந்து கட்டைவிரலைப் பிடிப்பார். கிளட்ச் மிதித்து இறுகிய கால் அப்போதுதான் இளகும். பிறகு தைலம். அதைப் பார்த்து நானும் டென்னிஸ் ஆடுவதற்கு முன் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து, காலை நீட்டித் தசைகளை இழுத்துவிடுவேன்.

என்னோடு படித்த டாக்டர் மகள் மாலினி அதைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, பல்லி மாதிரி தரையில ஒட்டிகினு கீற?"

அன்றிலிருந்து பள்ளி முழுக்க நான் பல்லி. டீச்சர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மறுவருஷம் மாமல்லபுரத்தில் ஒரு போட்டி. இறுதி ஆட்டம் எனக்கும் மாலினிக்கும் இடையே. பனிக்காலத்து விடியலில் நான் உடம்பை நீட்டி வளைத்துத் தயாராக நின்றேன். மாலினி காரிலிருந்து இறங்கி நேராக ஆட வந்தாள். ஒரு பந்தை வலையோரம் மெல்லப் போட்டேன், ஓடி வந்தாள். அடுத்ததை அவள் தலைக்கு மேல் தூக்கி அடித்தேன், திரும்பி ஓடினாள். வேண்டுமென்றேதான் மறுபடி மறுபடி அப்படி ஆடினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அலறி உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லி, கை குடுடி!"

"என் பேரு செல்வி. அத்தச் சொல்லு, தரேன்."

வலியில் பல்லைக் கடித்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "செல்வி" என்றாள்.

கை கொடுத்துத் தூக்கினேன். இந்தக் கோர்ட்டோரம் நின்று நினைக்கும்போதும் அந்தக் குரல் இனிக்கிறது. இரக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.