நன்னிலத்துக்குக் கொண்டுபோன புல்

"சம்பந்தியம்மா, நீங்க ஊனிட்டுப் போன புல்லு அத்தனையும் அழுகிப்போச்சு."

நன்னிலத்திலிருந்து என் மகள் ஜெயராணியின் மாமியார் போனில் சொன்னார். வருத்தப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ, மறுபடியும் மகளைப் பார்க்கலாம் என்று மனசு குதித்தது.

எங்கள் பால் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம். ஐந்தாவது படித்த எழுத்தில் எழுதித் தருகிறேன்.

1. கரணை

இந்தப் புல்லுக்கு விதை கிடையாது. முற்றிய தண்டைக் கரும்பு மாதிரி இரண்டு கணு வைத்து வெட்ட வேண்டும். அதுதான் கரணை. ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே இருக்கும்படி ஊன்ற வேண்டும்.

மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் மருமகளும் நாலு கறவை மாடும். காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும். ஜெயராணியால் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கு வர முடியாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்க எனக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் அவள், "வெறும் வைக்கோலப் போட்டா பால் இறங்குதும்மா" என்றாள். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

யூரியா சாக்கில் கரணையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னம்மா, கரும்பா? பொங்கல் போயிடுச்சே," என்றார் கண்டக்டர்.

"புல்லுங்க."

"புல்லுக்கு டிக்கெட் போட வச்சிட்டீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2. தண்ணீர்

"நெல்லு வெளையுற மண்ணுல புல்ல நடுறதா? புல்லப் புடுங்கியே கை தேஞ்சவங்க நாங்க," என்றார் சம்பந்தியம்மா. ஆனாலும் கொல்லையில் இடம் காட்டினார். நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து ஊன்றினோம். என் மாட்டின் கறவை நேரத்துக்கு முன்னால் ஊர் திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் போன். இரண்டாம் தடவை கரணையோடு போய்ப் பார்த்தால், சுற்றிலும் வரப்பு கட்டி, நாற்றங்கால் மாதிரித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள்.

"தண்ணி கட்டுனாத்தானே பயிரு?"

"இது நெல்லு இல்லீங்க. ஈரம் போதும், தேங்கினா அழுகிடும்."

களிமண்ணை மேடாக அணைத்துப் பார் போட்டு, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, பாரின் மேல் ஊன்றினோம். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது.

3. அறுப்பு

இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு. சம்பந்தியம்மா அறுக்க விடவில்லை என்று மகள் சொன்னதால் மறுபடியும் போனேன்.

"கதிரு வராம அருவா வைக்கிறதா? எங்க பரம்பரையில கிடையாது."

"கதிர் வந்தா தண்டு கட்டையாயிடும், மாடு ஒதுக்கிடும்" என்றேன்.

"அத்தை, மாடு அறுப்புப் பொங்கலுக்குக் காத்திருக்கலை, தீனிக்குத்தான் காத்திருக்கு," என்றாள் ஜெயராணி. மூன்று பேரும் சிரித்தோம். தரையை ஒட்டி அறுக்கக் காட்டிக்கொடுத்தேன். உயர விட்டு அறுத்தால் அடுத்த துளிர் நோஞ்சானாக வரும். பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு அறுப்பு. ஒவ்வொரு அறுப்புக்கும் எரு.

4. வேர்

போன அறுப்பு முடிந்ததும் சம்பந்தியம்மாவே போன் பண்ணினார். "புல்லு கொழிக்குது. இனி நீங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஒரு தடவை நட்டால் இந்தப் புல் வருஷக்கணக்கில் தழையும், மறுபடி நட வேண்டாம். எல்லாருக்கும் அதன் பெருமையாக நான் சொல்லுவது இதைத்தான். "சந்தோஷங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்குப் புல் அறுக்கப் போகவே கால் வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் மகளிடம் போனில் புல்லைத்தான் விசாரித்தேன். தூர் பெருத்துச்சா, இலை மஞ்சளடிக்குதா என்று. நேற்றும் புல்லைக் கேட்கப் போனை எடுத்தவள், "உன்னப் பாக்கணும்டி" என்றேன்.



"இத்தன நாளா புல்லக் கேட்டியேம்மா," என்றாள். "சும்மா வா."

பெண்களே, தண்ணீர் தேங்க விடாதீர்கள், கதிருக்குக் காத்திருக்காதீர்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்கணும் என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். நான்தான் ரொம்ப நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது என் மாடு நிறைமாதச் சினை. விட்டுவிட்டுப் போக முடியாது. கன்று போட்டதும் முதல் பஸ்ஸில் கிளம்பணும்.