எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிரியம்

லுபெர்ட் வான்சிங்க்குக்கு ஐம்பத்தெட்டு வயது. பெல்ஜியத்துக்கு அடுத்த நாட்டில், டெவெண்டர் என்ற ஊரில், ஆற்றிலிருந்து இரண்டாவது தெருவில் சின்னதாக ஒரு பப் நடத்துகிறான். புகை படிந்து பழுப்பேறிய சுவர்கள், அந்த ஊர் வழக்கப்படி மேசைகளின் மேல் கம்பளம், ஜன்னலோரம் தூங்கும் பூனை, நாற்பது வகை பெல்ஜியம் பீர். ஒவ்வொரு பீருக்கும் தனிக் கோப்பை. ஒன்றின் கோப்பையில் இன்னொன்றை ஊற்றச் சொல்லிவிட்டால் லுபெர்ட்டின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. "அவசரம்னா ரயில்வே ஸ்டேஷனுக்குப் போங்க, அங்க பேப்பர் கப்ல ஊத்தித் தருவாங்க" என்பான்.

கோப்பை விஷயத்தில் இவ்வளவு கறாரான ஆளுக்கு மனுஷர் விஷயத்தில் துளி சாமர்த்தியம் கிடையாது. மனைவி விட்டுப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "நான் போறேன்" என்று அவள் மூன்று தடவை சொன்ன பிறகுதான், கடைக்குப் போகவில்லை என்பதே இவனுக்குப் புரிந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, பெல்ஜியத்திலிருந்து ஒடீலின் வேன் வந்து நிற்கும். அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஆலை. அதன் பீரை ஏழு வருஷமாக அவள்தான் கொண்டுவந்தாள். கணவரை இழந்தவள், வாய் ஓயாதவள். பெட்டிகளை அவளே இறக்குவாள். லுபெர்ட் கைகொடுக்க வந்தால், "தள்ளி நில்லுங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று விரட்டுவாள். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். "காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட்ட வெச்சிட்டு டப்பாவ மூடுற ஆளுங்கதானே நீங்க!" என்று ஊரையே கிண்டலடிப்பாள். லுபெர்ட் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைப்பான். அந்த வியாழக்கிழமைகளில் மட்டும் அவன் பளிச்சென்று சவரம் செய்து சலவைச் சட்டை போடுவான். ஏன் என்று தன்னைத்தானே அவன் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பெட்டிகளை இறக்கிவிட்டு ஒடீல் உட்காரவில்லை.

"இதுதான் கடைசி. அடுத்த தடவலேருந்து லாரிக் கம்பெனி ஆளுங்க வருவாங்க. எனக்கு ஆபீஸ்லயே வேல குடுத்துட்டாங்க."

"ஓ" என்றான் லுபெர்ட்.

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "லுபெர்ட், உங்களப் பாக்குறதுன்னா எனக்குப் பிரியம்" என்றாள்.

லுபெர்ட்டுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எனக்கும் சந்தோஷம்தாங்க. இங்க எல்லாருக்குமே உங்களப் பாத்தா சந்தோஷம். பூனைக்குக்கூட!"

ஒடீலின் முகம் காதுவரை சிவந்தது. "ஓஹோ, பூனைக்குக்கூட" என்றாள். அவள் அறைந்து சாத்திய வேன் கதவுச் சத்தத்தில் பூனை விழித்துக்கொண்டது.

மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த பேரெண்ட் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். முப்பது வருஷம் பெல்ஜியத்துக்கு லாரி ஓட்டியவர்.

"டேய் மடையா, அவ என்ன சொல்லிட்டுப் போறான்னு புரிஞ்சுதா?"

"பாக்கப் பிடிக்கும்னாங்க. நல்ல மனுஷி."

"அது நம்ம ஊர் அர்த்தம்டா! அவங்க ஊர்ல அத கடைக்காரன்கிட்டயெல்லாம் சொல்ல மாட்டாங்க. மனச குடுத்தவன்கிட்டத்தான் சொல்லுவாங்க. பாஷ ஒண்ணுதான், எல்லைய தாண்டிட்டா அர்த்தம் வேற."

"அதுக்குப் போயி இவன் பூனைய இழுத்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் எதிரே உட்கார்ந்திருந்த ஃபென்னி, ஓய்வுபெற்ற டீச்சர். "எத்தனையோ மக்குப் பசங்கள பாத்திருக்கேன். இப்படி ஒரு பதில எவனும் எழுதினதில்ல."

ஏழு வருஷத்துச் சவரத்துக்கும் சலவைச் சட்டைக்கும் காரணம் அந்த நிமிஷம்தான் லுபெர்ட்டுக்கு உறைத்தது. அவள் இனி வரமாட்டாள். அவனிடம் ஆலையின் நம்பர்தான் உண்டு, அவளுடையது இல்லை; ஆபீஸ் போனில் பேசுகிற விஷயமா இது? இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"அடுத்து பக்கத்து ஊரு ஜுட்ஃபென்லதான சரக்கு இறக்குவா?" பேரெண்ட் கார் சாவியை எடுத்தார். "கிளம்பு."

"கடைய யாரு பாத்துக்குறது?"

"நான் பாத்துக்குறேன், நீ போய்த் தொலை!" என்றாள் ஃபென்னி.

ஜுட்ஃபெனில் சந்தைத் திடலுக்குப் பின்னால் வேன் நின்றது. ஒடீல் காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். லுபெர்ட் இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு காரிலிருந்து இறங்கி, நாலு முழம் தள்ளி நின்றான்.

"ஒடீல், எனக்கும் உங்களப் பாக்குறதுன்னா பிரியம்."

"தெரியுமே" என்றாள் அவள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூனைக்கும்தான்."

வழிநெடுக பேரெண்ட் சொல்லிக்கொடுத்து அவன் உருப்போட்ட வாக்கியம் அது. இவன் வாயால் சொன்னால் இவன் ஊர் அர்த்தத்தில்தானே அவள் எடுத்துக்கொள்வாள்? பேரெண்டுக்கும் சரி, இவனுக்கும் சரி, இது தோன்றவில்லை. லுபெர்ட் திரும்பிக் காரைப் பார்த்தான். பேரெண்ட் உள்ளே இருந்தபடியே, பேசுடா பேசுடா என்று கையை ஆட்டினார்.

லுபெர்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "நான் உங்களைக் காதலிக்கிறேன்."

ஒடீல் பெட்டியைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. "அய்யய்யோ! எங்க ஊர்ல டிவி நாடகத்துலதான் இப்படியெல்லாம் பேசுவாங்க."

"எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல" என்றான்.

அவள் கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது முழுக்கச் சிரித்ததில் வந்த தண்ணீர் இல்லை.

"சரி, அவ்வளவு பெரிய வார்த்தையச் சொல்லிட்டு இவ்வளவு தூரத்துல நின்னா எப்படி?"

லுபெர்ட் அவளை நோக்கி நடந்தான். பேரெண்ட் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு தனியாக ஊர் வந்து சேர்ந்தார்.