மாத்திரை கரையாத ரத்தம்

இராமையா கங்காணி வீட்டுப் பெண்களின் ரத்தத்தில் பிரஷர் மாத்திரை கரையாதாம். ஹல்துமுல்லை பஸ்ஸில் யாரோ பேசியதை ஸித்தி ஸுபைதா கேட்டாள். அவள் கணவன் லத்தீப், தன் கடைக்குச் சவர்க்காரம் வாங்க வந்த பெரியாயியிடம் அதைச் சொன்னான்.

"பதுளை டாக்டரே சொன்னாங்களாம் மிஸ்!"

பெரியாயி தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். பதினாறு வருடங்களில் நானூறு பிள்ளைகளுக்கு மேல் கையில் ஏந்தியிருக்கிறாள். தோளில் பிரஷர் கருவிப் பை, வாயில் ஓயாத அதட்டல். மலையேறும் பெண்கள் அட்டைக்கடிக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

கதையைக் கேட்டுச் சிரித்தபடி வந்தவளுக்கு, பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. இராமையாவின் மருமகள் புஷ்பலீலா ஏழு மாதக் கர்ப்பிணி. பிரஷருக்கு மஞ்சள் மாத்திரை தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடி நின்றார்கள். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த இராமையா, நின்ற நிலையிலேயே கண்ணயர்ந்தார். பெண்கள் கூடையால் வாயை மறைத்துச் சிரித்தார்கள்.

"என்ன கங்காணி, இங்கயே பாய் விரிக்கட்டுமா?"

"என்னான்னே தெரியல மிஸ். பத்து நாளா சொக்கிச் சொக்கி விழுறேன்."

மஞ்சள் மாத்திரை புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கம் வரும். பெரியாயி நேரே லயத்துக்கு நடந்தாள்.

"புஷ்பா, மாத்திரை எங்க?"

"மாமாவுக்குக் குடுத்துட்டேன் மிஸ். எங்க வீட்டு ரத்தத்துல கரையாதுன்னாங்க. மாமாவுக்கும் பிரஷர்தானே, வீணாப் போக வேணாமேன்னு…"

"அவரும் அதே வீடுதானே? அவருக்கு மட்டும் கரையுமா?"

"அவரு ஆம்பளைங்க மிஸ்."

பெரியாயிக்குச் சிரிப்பு பீறிட்டது. கையில் பட்டியைச் சுற்றி அளந்து பார்த்ததும் அது அடங்கிப்போனது. நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து.

"சேலைய மாத்து. பதுளைக்குப் போறோம்."

பண்டாரவளையில் பஸ் மாறும்போது புஷ்பலீலாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைப் பெரியாயியே வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். குழந்தை இன்னும் சில வாரமாவது உள்ளே இருந்தாக வேண்டும். அந்த ஒரு கணக்குதான் வழி முழுக்க அவள் மனதில் ஓடியது.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயமலர் யாழ்ப்பாணத்துக்காரி. கேட்டவுடன் திட்டவில்லை, பேனாவை எடுத்தார்.

"புருஷன் சொந்தமோ பிள்ளை?"

"அத்தை மகங்க. எங்கப்பாவோட அக்கா மகன்."

டாக்டர் கிளினிக் அட்டையின் பின்புறம், பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குக் கட்டமுமாகக் குடும்பப் படம் போட்டார். அத்தையும் மாமியாருமான அங்கம்மாளுக்குப் பிள்ளைப்பேற்றில் பிரஷர். அவள் மகள் சரோஜாவுக்கும் இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான். மஞ்சள் மாத்திரைக்கு அடங்காமல், வேறு மாத்திரைக்கு அடங்கியது.

"ரத்தத்திலை கரையாதெண்டு நான் எப்ப சொன்னனான்? ஒரு மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதிலை பரம்பரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு எண்டுதான் சரோஜாவுக்குச் சொன்னனான். ஆருக்கு எது பொருந்துமெண்டு முதலே காட்டுற சோதனை எங்களிட்டை இல்லை. குடுத்து, அளந்து பாக்கிறதுதான். அவவுக்குக் கேட்ட மருந்தை உமக்கும் தாறன். உமக்கும் கேக்குமெண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

புஷ்பலீலாவை வார்டில் விட்டுவிட்டுப் பெரியாயி திரும்பினாள். இராமையா லயத்து வாசலிலேயே மறித்து, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா போட்ட படத்துல நான் இருக்கேனா மிஸ்?"

"ஓரமா ஒரு கட்டத்துல இருக்கீங்க. பேச்செல்லாம் உங்க வீட்டுக்காரம்மா பக்கத்து ரத்தத்தப் பத்திதான்."

"பாத்தியா அங்கம்மா! ஊரெல்லாம் என் பேரக் கெடுத்துச்சு. கடைசியில ஒங்க ஆளுங்க ரத்தம்!"

"ஆமா, மருமக மாத்திரையத் தின்னுட்டு நின்னுக்கிட்டே குறட்டை விட்டது எந்த ரத்தமாம்?"

லயம் முழுக்கச் சிரித்தது. அங்கம்மாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு வார்டுக்குப் போனில் கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். புது மாத்திரைக்குப் பிரஷர் இறங்கியிருந்தால் குழந்தை இருக்கும் இடத்திலேயே வளரலாம். இறங்காவிட்டால் இன்றே வெளியே எடுக்க வேண்டும், ஏழு மாதத்திலேயே.

தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் தனேஸ்வரன் எண்ணைச் சுழற்றி ரிசீவரைப் பெரியாயியிடம் நீட்டினார். இராமையாவும் அங்கம்மாளும் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"எடுத்துட்டாங்களா மிஸ்?"

"மணி அடிக்குது. செத்த பேசாம இருங்க."

"இறங்கிருச்சாமா?"

"இன்னும் யாரும் எடுக்கலங்க, எடுத்தாத்தானே சொல்ல முடியும்!"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். பதுளையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.