சத்தம் வராத கார்கள்

எங்கள் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய முதல் போட்டோவில், யாரோ நிறுத்தி வைத்திருந்த ஒரு சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இப்படி இளைத்துவிட்டாளே என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, இது என்ன வண்டியாக இருக்கும் என்று என்னைக் கேட்டார். பெற்ற பிள்ளை அவர் கண்ணில் படவே இல்லை. அன்று ராத்திரி சோற்றோடு சேர்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் சர்வீஸ் முழுக்க சித்தூர் – திருப்பதி ரூட்டில் பஸ் ஓட்டியவர். குடுபல்லி பக்கம், கூலி வேலையைத் தவிர வேறு தெரியாத குடும்பத்தில் ஸ்டீயரிங் பிடித்த முதல் ஆள். மகள் திருப்பதியில் இன்ஜினீயரிங் முடித்தாள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளெல்லாம் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறிய வருஷங்கள் அவை, இவளும் ஏறினாள். போனில் அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றி அப்பா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாமல், முதல் லீவில் வரும்போது அதையே ஒரு அட்டைப் பெட்டியில் வாங்கி வந்துவிட்டாள். அசல் மஸ்டாங், பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது. இதற்கு மசில் கார் என்று பெயராம். காருக்கு ஏது தசை என்று நான் சிரித்தேன்.

பெட்டியைத் திறந்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் கதவு திறந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. பேனட்டைத் தூக்கினால் உள்ளே இன்ஜின், அதிலிருந்து நூல் மாதிரி வயர்கள், ஸ்பீடு காட்டும் இடத்தில் கொசுக்கால் அளவுக்கு ஒரு முள். மனுஷன் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் நானும் பக்கத்தில் படுத்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அது பொம்மையே இல்லை. நம் மேல் ஏறிவிடும் என்று தோன்றியது.

அப்புறம் அவர் செய்த காரியத்தை எந்த ஊர்க்காரனும் செய்திருக்கமாட்டான். புது வண்டி வந்தால் பூஜை போடவேண்டும் அல்லவா? சந்தனம் குழைத்து, பேனட்டில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்தால் பழம் டயரை விடப் பெரிதாக இருந்தது. அதனால் நாலு இலந்தைப் பழம். விரலால் தள்ளி நசுக்கினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அங்கெல்லாம் இதைச் சேர்ப்பவர்கள் பெட்டியைக்கூடப் பிரிக்கமாட்டார்களாம். ஒரு கீறல் விழுந்தால் மதிப்பு போய்விடுமாம்.

“பூஜை போடாத வண்டிய எப்பிடிம்மா ஊட்ல வச்சிக்கினு இருக்கிறது?” என்றார் அவர்.

வருஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட கமாரோ, கறுப்பில் சார்ஜர் என்றொரு வண்டி, வெள்ளையில் ஒன்று. வெள்ளையில் வைத்த குங்குமம் இன்றுவரை போகவில்லை. என் பித்தளைப் பாத்திரங்கள் ஷோகேஸிலிருந்து பரணுக்குப் போயின. வாய் திட்டினாலும் தூசி துடைப்பது நான்தான். ஒவ்வொரு தடவையும் பேனட்டைத் திறந்து பார்க்காமல் ஷோகேஸை மூடியதில்லை.

ரிட்டயர் ஆவதற்கு முன்பே அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்திருந்தது. அந்தக் காலத்து பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உறுமும். வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதும் குறையும் என்றார். காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். அது விசில் அடித்ததே தவிர வேறு உபகாரம் செய்யவில்லை. திரும்பும் பஸ் சித்தூரை நெருங்கும்போது சொன்னார்:

“அந்த வண்டிங்கோ எப்பிடிக் கத்தும்னு ஒரு தபா கேட்டுட்டா போதும்மே. அப்பால காது போனா போவட்டும்.”

மகளிடம் சொன்னேன். எங்கேயோ கார்கள் கூடுகிற மைதானத்துக்குப் போய், ஒரு வண்டியிடம் போனைப் பிடித்தாள். இங்கே அப்பளம் பொரிகிற சத்தம்தான் வந்தது. அவர் போனைக் காதில் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு மாசமும் அவருக்குக் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டார், தோளைத் தொடவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் வீட்டுக்கு ஓடிவந்தார். ஷோகேஸில் இருக்கும் அந்த மஞ்சள் வண்டி காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கிறதாம். பெங்களூர் ஆள் ஒருத்தர் பூஜை போடக் கொண்டுவந்திருக்கிறாராம். என் வீட்டுக்காரர் கட்டிய லுங்கியோடு கிளம்பினார். நான் ஆட்டோவில் அவருக்கு வேட்டியைச் சுற்றிவிட்டேன்.

சாமந்தி மாலை போட்ட டிராக்டருக்கும் மினி லாரிக்கும் நடுவில் அது நின்றது. எங்கள் வீட்டு வண்டிதான், ஆனால் நிஜ அளவில். பேனட்டே எங்கள் கட்டில் அகலம். அவர் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கோயிலுக்காக என்று நினைத்தேன். கோயில் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பூஜை முடிந்து வண்டிக்குச் சொந்தக்காரர் சாவியைத் திருப்பினார். வாகை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. ஒரு குழந்தை வீறிட்டது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே காதைப் பொத்தினார்கள். இவர் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து கத்தும்போது இருக்குமே, அதே முகம்.

காதருகே போய், கேட்கிறதா என்று கத்தினேன். இல்லையென்று தலையாட்டினார். யாரையும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த மஞ்சள் பேனட்டின் மேல் வைத்து அழுத்தினேன்.

முதலில் அவர் விரல்கள் அதிர்ந்தன. அப்புறம் கை, தோள், கன்னம். கண் அகலத் திறந்துகொண்டது. சொந்தக்காரர் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்தார். என்ன புரிந்ததோ, ஆக்ஸிலேட்டரை இன்னொரு தடவை அழுத்தினார்.

“எட்டு சிலிண்டரும் தனித்தனியா வருதுமே,” என்றார் அவர், ஊருக்கே கேட்கும்படி. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இன்னொரு கையால் என் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். தகடு சூடேற ஆரம்பித்திருந்தது. இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை.