சைக்கிளில் புறப்பட்டு லொறியில் போன நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹட்டனில் ஒரு பாடசாலையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நான் யாழ்ப்பாணத்துக்காரி. மாற்றலாகி மலைநாட்டுக்கு வந்த புதிதில் குளிரைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது, இங்கே யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்பதுதான். ரோட்டில் இறங்கிப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. ஒன்று மூச்சு வாங்க ஏற வேண்டும், இல்லையென்றால் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

அதனால் நகரத்தில் ஒரு சைக்கிள் குழு தொடங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது ஆசையோடு போய்ச் சேர்ந்தேன். வங்கியில் வேலை செய்கிற ஒருவர்தான் அதற்குத் தலைவர் மாதிரி. வெறும் உடற்பயிற்சிக்காக அவர் அதைத் தொடங்கவில்லை. புற்றுநோய் வந்த பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மலையகத்துத் தாய் தகப்பன்மார் தங்குவதற்கு அங்கே ஒரு சின்ன வீடு இருக்கிறது. இடம் போதாது. அதற்கு மேல்மாடியில் சில அறைகள் கட்ட வேண்டும். நுவரெலியாவிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை இரண்டு நாள் சைக்கிளில் போய் அதற்கு நிதி சேர்ப்பது என்பதுதான் திட்டம்.

இதை நான் முதலில் சொன்னது, மழை நாட்களில் என்னைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரரிடம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தவர். அவருடைய ஒரே மகள் என் வகுப்பில், ஏழாம் ஆண்டில் படித்தாள். படித்தாள் என்று சொன்னாலும், இரத்தத்தில் நோய் என்று தெரிந்த பிறகு அவள் வகுப்புக்கு வந்த நாட்கள் குறைவு. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் தாயும் அவளும் வாட்டில் இருக்க, இவர் வெளியே மதில் ஓரமாகப் படுத்திருப்பாராம்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த வளைவில் ஆட்டோவை மெதுவாக்கினார். பிறகு கேட்டார்:

"நானும் வரலாமா டீச்சர்?"

"வரலாம் அண்ணா. உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"தெரியாது. மூணு சக்கரத்த ஓட்டுறவனுக்கு ரெண்ட ஓட்ட முடியாதா?"

பாடசாலை மைதானத்தில், என் சைக்கிளில்தான் பழகினார். அந்த நாட்களில் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். அவர் முதல் தடவை மைதான ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் விழுந்தபோது பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இருமல் வந்து கண்ணீர் வழியும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் விழுந்ததில் ஒன்றிரண்டு வேண்டுமென்றே விழுந்தவை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வங்கிக்காரர் அவருக்கு ஒரு பழைய சைக்கிளும் ஹெல்மெட்டும் தேடிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்புவோம். முதலில் கொட்டகலைவரை, பிறகு தலவாக்கலைவரை. வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தால் நான் இறங்கி ஓரமாக நின்றுவிடுவேன். அவர் நிற்க மாட்டார். ஏற்றத்தில் எங்கள் எல்லோருக்கும் பின்னால், தலையைக் குனிந்தபடி, மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருப்பார். மகள் திரும்பவும் வாட்டில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓடி முடித்ததும் அவளுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு எதுவரை போனோம் என்று சொல்லுவார். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளிடம் அவள் அதைப் பெருமையாகச் சொல்லுவாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தோம். பனி இன்னும் விலகவில்லை. அவருடைய போன் அடித்தது. அவர் நிற்காத மனிதர், அன்றைக்கு நின்றார். மனைவிதான் பேசினார். டொக்டர் உடனே அவரை வரச் சொல்கிறார் என்பது மட்டும்தான் செய்தி.

போனை வைத்துவிட்டு அவர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வங்கிக்காரர் நடு ரோட்டுக்கு ஓடிப்போய், மேலே இருந்து வந்த ஒரு மரக்கறி லொறியைக் கைகாட்டி மறித்தார். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறி. ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர். விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டார்.

ஏறப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களும் வர்றீங்களா? எனக்கு சிங்களம் நல்லா வரும். ஆனா அங்க டொக்டர் சொல்றத தனியா நின்னு கேக்க பயமா இருக்கு."

"வாறன் அண்ணா," என்றேன். எங்கள் சைக்கிள்களை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். குழுவின் மஞ்சள் சட்டையோடு அப்படியே ஏறிவிட்டோம். ஓட்டுநருக்கும் எனக்கும் நடுவில் அவர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. நான் ஜன்னல் பக்கம். லொறி கிளம்பியதும், டீச்சரும் கூட வருகிறார் என்று மனைவிக்குப் போனில் சொன்னார்.

ஹட்டன் வந்ததும், இறங்கி ஒரு வேன் பிடிக்கலாமே என்றேன். அவர் கேட்கவில்லை. "இறங்கி ஏறுனா நேரம் போயிரும் டீச்சர். இவரு நல்லா ஓட்டுறாரு, இப்படியே போயிருவோம்." நாங்கள் பேசியது என்னவென்று புரிந்ததோ என்னவோ, ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனார். ரேடியோவில் ஏதோ சிங்களப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

கினிகத்தேனைக்குப் பிறகு, மலை இறங்கி வெயில் சூடாகத் தொடங்குகிற இடத்தில், என் போன் அடித்தது. அவருடைய மனைவி. காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"டீச்சர்... புள்ள போயிட்டா." குரல் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "அவருகிட்ட இப்ப சொல்லிறாதீங்க. வழியில அவருக்கு ஏதாச்சும் ஆயிரும். வந்து பாக்கட்டும்."

"ஓம். ஓம். சரி," என்று மட்டும் சொன்னேன்.

"யாரு டீச்சர்?"

"பள்ளிக்கூடத்திலயிருந்து," என்று சொல்லிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். இறப்பர் மரங்கள் வந்து வந்து பின்னால் போயின. ஓட்டுநர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் கொஞ்சமும் வராது. ஆனாலும் அந்த லொறிக்குள் உண்மை தெரிந்த இரண்டாவது ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் அவர் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆட்டோவில் போட்டு ஒரு சுற்று ஓட்டினால்தான் தூங்குவாளாம். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களம்வரை போய்த் திரும்புவதற்குள் கண்ணயர்ந்துவிடுவாளாம். கரப்பான் பூச்சிக்குப் பயமாம், ஆனால் அட்டையைக் கையால் பிடுங்கி எறிவாளாம். தீபாவளிக்குப் பச்சை நிறத்தில் சப்பாத்து கேட்டிருக்கிறாளாம். ஹட்டன் கடைகளில் பச்சை கிடைக்கவில்லையாம். "நுவரெலியாவுல இருக்குமா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

பேசிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது. பெற்ற தகப்பனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது, இது என்ன அநியாயம் என்று இருந்தது. ஆனால் அந்தத் தாய் கேட்டுக்கொண்டதை மீற எனக்குத் துணிவு வரவில்லை.

அவிசாவளையைத் தாண்டும்போது கேட்டார்:

"டீச்சர், இந்த வருசம் அவ பாதிக்கு மேல லீவு. அடுத்த வருசம் மேல ஏத்திருவீங்களா? இல்ல அதே வகுப்புல உக்கார வைப்பீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

"என்ரை வகுப்பிலையே இருக்கட்டும் அண்ணா," என்றேன். "விட்ட பாடமெல்லாம் நான் ஆறுதலாச் சொல்லிக் குடுக்கிறன்."

"ஆமா. ஒங்க வகுப்புனா அவளுக்கும் பிடிக்கும்," என்றார்.

ஓட்டுநர் சந்தைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே லொறியைக் கொண்டுவந்தார். காவலாளி சத்தம் போட்டதை அவர் காதில் வாங்கவில்லை. இறங்கியதும் எங்கள் ஆட்டோக்காரர், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மடியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே நடக்கத் தொடங்கினார். ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து, "மல்லி, மல்லி" என்று தம்பியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு நிறுத்தி, தாடைக்குக் கீழே வாரைக் கழற்றி, ஹெல்மெட்டை எடுத்து என் கையில் தந்தார். அந்த லொறிக்காரரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வாட்டுக்குப் போகிற படிக்கட்டடியில் மனைவி நின்றார். இவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றாகப் படியேறினார்கள். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

பிள்ளையைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். தேயிலை மலைக்குப் பக்கத்தில் சரிவான ஒரு நிலம். குழுவில் இருந்த எல்லோரும் வந்திருந்தோம். சைக்கிள் ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று வங்கிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நிப்பாட்ட வேணாங்க. அங்க இன்னமும் ஆளுக மதிலோரமா தானே படுத்திருக்காங்க," என்றார் ஆட்டோக்காரர்.

அதற்குப் பிறகு நான் அவருடைய ஆட்டோவில் ஏறவில்லை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. செத்துப்போன பிள்ளைக்கு அடுத்த வருடம் பாடம் சொல்லித் தருகிறேன் என்று தகப்பனிடம் சொன்னேனே, அதை நினைத்து அவர் என்னை எவ்வளவு வெறுப்பார் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

ஓட்டம் தொடங்கிய நாள் காலையில் நுவரெலியாவுக்கு அவரும் வந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது, மஞ்சள் சட்டை தொளதொளவென்று தொங்கியது. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் கினிகத்தேனையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். மற்றவர்கள் உள்ளே வடை சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றேன். அவர் இரண்டு பிளேன்டீயோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், அன்னைக்கு லொறியில ஒங்களுக்கு போன் பண்ணது எங்க வீட்ல தானே?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்பவே தெரியும் டீச்சர். பள்ளிக்கூடத்துல இருந்துன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா?"

அழுகையை அடக்க முடியாமல் கேட்டேன்: "தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணா என்னட்டை அப்பிடிக் கேட்டனீங்கள்? வகுப்பைப் பற்றி?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருசம் அவ என்ன செய்வான்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லி ஒருக்கா கேக்கணும் போல இருந்துச்சு. அன்னைக்கு விட்டா, அதுக்கப்பறம் யாரும் அப்படி பேச மாட்டாங்கள்ல. நீங்க சொன்னீங்க. நல்லா சொன்னீங்க டீச்சர். அதுக்குத்தான் நன்றி சொல்லணும்னு பாத்தா, நீங்க ஆட்டோவுலயே ஏற மாட்டேங்குறீங்க."

மழை விட்டதும் கிளம்பினோம். அன்று ஈர ரோட்டில் இறங்கியபோது நான் அவருக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். அடுத்த நாள் அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த தாய்மார் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் மட்டும் உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று, கட்டப்போகிற மேல்மாடி எங்கே வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இப்போது மாற்றலாகி ஊரோடு வந்துவிட்டேன். இருந்தாலும் மாதத்தில் ஒரு தடவையாவது அவருக்கும் மனைவிக்கும் போன் எடுப்பேன். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பிள்ளையிடம் வரும். "அவ இப்ப ஒன்பதாம் ஆண்டு, கணக்கு கஷ்டமா இருக்கும் இல்ல டீச்சர்?" என்று அவர் கேட்பார். முன்பென்றால் என்ன சொல்வது என்று தெரியாமல் திணறியிருப்பேன்; இப்போது "கொஞ்சம் கஷ்டம்தான் அண்ணா, ஆனா அவள் கெட்டிக்காரி, செய்துபோடுவாள்" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடி, அவராகப் பேச்சை மாற்றும்வரை காத்திருக்கப் பழகியிருக்கிறேன்.