ஒரு கேள்வியும் விடாதவள்

எங்கள் வீட்டில் யார் வாயிலும் "தெரியாது" என்ற சொல் வராது. அதிலும் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, உப்பு குடோனுக்கு வழி கேட்டார். அப்பா கையை நீட்டி, வளைத்து, வழி சொன்னார். நானும் பக்கத்தில் நின்று, "அந்த வளைவுல இடதுபக்கம் திரும்புங்க" என்று ஒத்து ஊதினேன். கொஞ்ச நேரத்தில் அதே லாரி திரும்பி வந்தது. "அண்ணாச்சி, நீங்க சொன்ன ரோடு கடல்ல போய் முடியுது." அப்பா அசரவே இல்லை. "அப்போ ரோட்டை மாத்திட்டானுவ போல" என்றார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண், பிளஸ் டூ முடித்து மெரைன் எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு எழுதப் போனால் எப்படி இருக்கும்? அப்பாவுக்குத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வரும் டக் படகில் எஞ்சின் ரூம் வேலை. அவர் சட்டையில் வரும் டீசல் வாசம் அம்மாவுக்குத் தலைவலி, எனக்கு உயிர். கப்பல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், எஞ்சினியராக நிற்கவேண்டும். வேறு ஆசையே எனக்கு இருந்ததில்லை.

தேர்வு கம்ப்யூட்டரில். திரையின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம். பதில் போட்டால் கட்டம் பச்சையாகும், போடாமல் நகர்ந்தால் சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரத்தது. தெரிந்ததற்குப் போட்டேன், பாதி தெரிந்ததற்குப் போட்டேன், கேள்வியே புரியாததற்கும் போட்டேன். தப்பாகப் போட்டால் கால் மார்க் கழியும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியிருந்தால் என்ன? வெளியே வந்து, "ஒண்ணு விடலப்பா!" என்றேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருமுனை பேக்கரி அண்ணாச்சியிடம், "எம்மவ ஒரு கேள்வி விடல, தெரியும்லா?" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தார்.

ரிசல்ட் வந்தது. மார்க் தரைதட்டிக் கிடந்தது.

பேக்கரியில் அண்ணாச்சி ஆறுதல் சொன்னார். "போவட்டும் விடுங்க. கப்பலுக்குப் போற பொண்ணை எவன் கட்டுவான்?" அதற்கும் அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. "எவனும் கட்டமாட்டான் அண்ணாச்சி. அதான் பி.காம்ல சேக்கப் போறேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். கடித்த பன்னை அப்படியே வைத்துவிட்டேன். தேர்வில் தோற்றதைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது.

வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை, அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். பேச ஆள் இல்லாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. மறுநாள் சாயங்காலமே இறங்கி வந்தார். "ஏளா, இன்னொரு தடவை எழுது. ஒரே தடவைதான். அதுலயும் கிடைக்கலன்னா வாயைத் திறக்காம பி.காம். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

நெட்டில் வந்த என் விடைத்தாளையும் சரியான விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் லட்சணம் விளங்கியது. தெரிந்து போட்டதில் பெரும்பாலும் சரி. தெரியாமல் போட்டவை ஒன்றுகூடி, சம்பாதித்ததையும் தின்றிருந்தன. அடிப்பாவி, படிப்பு காலை வாரவில்லை, வாய்தான் வாரியிருக்கிறது! அழுகையை மறந்து குதித்தேன். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே!

படிப்பது ஒரு பக்கம் நடந்தது. விடுவதற்குப் பழகுவதுதான் பெரும்பாடு. அதற்காக வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: தெரியாமல் பதில் சொன்னவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவவேண்டும். அம்மா குளிர்ந்துபோனாள். "மழை வருமாங்க?" என்று வேண்டுமென்றே கேட்பாள். "நாலு மணிக்கு வரும்" என்பார் அப்பா. வானம் வெறிச்சென்று கிடக்கும். அப்பா சாம்பார்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நானும் தப்பவில்லை, தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்துதான் "தெரியாது" என்று சொல்லப் பழகினேன். கசப்பு மருந்து மாதிரிதான் இருந்தது. போகப்போக அதில் ஒரு சுகம் வந்துவிட்டது. அப்பா மட்டும் திருந்தவில்லை. "எதைக் கேட்டாலும் தெரியாது தெரியாதுங்கா. இதுக்காளா ஒரு வருஷம் கொடுத்தேன்?" என்று கத்துவார்.

இரண்டாவது தடவை தேர்வு மையம் பாளையங்கோட்டைப் பக்கம். வழியில் வல்லநாடு தாண்டும்வரை பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரு சாதனை.

உள்ளே கட்டங்கள் பச்சையாகிக்கொண்டே வந்தன. அங்கங்கே சிவப்பு. லைபீரியாவின் தலைநகர் எது என்று ஒரு கேள்வி. பாதிக் கப்பல் அந்தக் கொடியோடுதான் எங்கள் துறைமுகத்துக்கு வரும், அப்பா வாயில் அந்தப் பேர் புரளாத நாளே இல்லை. விடைகளில் ஃப்ரீடவுன் இருந்தது. "ஃப்ரீடவுன்தான்ளா!" என்று அப்பா குரல் காதுக்குள் முழங்கியது. கை மவுஸை நகர்த்திவிட்டது. எனக்குத் தெரியுமா? தெரியாது. விட்டேன். கட்டம் சிவந்தது. யம்மா, என்ன ஒரு சந்தோஷம்!

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "எல்லாம் போட்டியா?"

"நிறைய விட்டுட்டேன்பா."

அவர் முகம் தொங்கிவிட்டது. "எதைளா விட்டே?" லைபீரியாவைச் சொன்னேன். "அட கோட்டிக்காரி, ஃப்ரீடவுன்லா!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அம்மா போனில் தேடினாள். மன்ரோவியா என்று வந்தது. "இன்னைக்குப் பாத்திரம் உங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா டக்கில் இருந்தார். போன வருஷத்து மார்க்கை நினைத்துக்கொண்டே திரையைத் திறந்தவள், கண்ணை நம்பாமல் மூடி மறுபடி திறந்தேன். மார்க் எங்கேயோ போய் நின்றது. ரேங்கும் சீட்டுக்குப் போதும். போன் போட்டேன். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வந்துட்டுப்பா! வந்துட்டு!" என்று நான் கத்த, "என்னளா வந்துட்டு, யாரு வந்துட்டா?" என்று அவர் கத்த, அம்மா போனைப் பிடுங்கி, "கப்பல் வந்துட்டு!" என்றாள். இரைச்சலுக்கு நடுவே அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் பழைய கேள்வி அவருக்குப் போகவில்லை. "எல்லாஞ்சரி. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

அப்பா வாயைத் திறந்தார். ஊர்ப்பட்ட பதில் வைத்திருக்கிற மனுஷன் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றார். "மக்ரூன் அரைக் கிலோ போடுங்க."